பல்லுச் சந்துல ஒளிஞ்சிருக்கற சொத்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல பல்லு வெள்ளையாகறதுக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லிப் போட்டிருந்தீங்க. அந்தப் புளிப்பே பல்லு மேல்தோலைக் கரைக்குமுங்க, அது ஒருபக்கம் கெடக்கட்டும், பல்லு வெள்ளையா இருந்துட்டா நல்லா இருக்குதுன்னு நெனைக்கறோம் பாருங்க, அங்கதான் நான் ஏமாந்தேன், அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

நான் சோமனூர் பக்கம் தறி ஓட்டறவன், வயசு 52. வெத்தலை, பீடி எதுவும் கெடையாது, ரெண்டு வேளையும் பிரஷ் பண்றவன், பல்லு வலின்னு ஒரு நாள் உக்காந்ததில்லைங்க. மாரியாத்தா நோம்பிக்கு ஒறம்பரைக வந்திருந்தப்ப பேசிட்டே முறுக்கைக் கடிச்சேன், கறுக்குன்னு ஒரு சத்தம், முறுக்குத்தான்னு மென்னா மையாகாம என்னமோ நிக்குது, எடுத்துப் பாத்தா முட்டை ஓடு கணக்கா என்ற பல்லுத் துண்டு. கீழ் வரிசையில வலது கடவாப் பல்லோட ஒரு பக்கச் செவுரே பேந்து வந்துருச்சு. நாக்கை உட்டுத் துழாவுனா உள்ள குழி. அப்பவும் வலி இல்லைங்க, தண்ணி குடிச்சதும்தான் சுள்ளுன்னு ஏறுச்சு.

பல் டாக்டரம்மா சின்னதா ஒரு பிலிமை வாய்க்குள்ள வெச்சுக் கடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்து கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. எங்க தொழில்ல துணியை மேசை மேல விரிச்சுப் பாத்தா சுத்தமாத்தான் இருக்கும், டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சாத்தான் இழை உட்ட எடம் தெரியும். அதே கதைதான், வெள்ளைப் பல்லுக்கு நடுவால பக்கத்துப் பல்லு ஒட்டற எடத்துக்குக் கீழ கறுப்பா ஒரு நெழல்.

அவங்க சொன்னது இதுதானுங்க. கடவாப் பல்லுக்கு அஞ்சு பக்கம், மேல, கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம், இந்த மூணுலதான் பிரஷ் படும். ரெண்டு பல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கற அந்த ரெண்டு பக்கமும் எவ்வளவு தேய்ச்சாலும் பிரஷ் போகாது. அங்க ஒட்டியிருக்கற அழுக்குல கிருமி குடியிருந்து, நாம திங்கற சக்கரையை ஆசிட்டா மாத்திப் பல்லைக் கரைக்குது. மேல இருக்கற எனாமல்ல நரம்பு கெடையாது, அதனால வலிக்காது. உள்ள இருக்கற டென்டின் மெத்துன்னு இருக்குறதால அங்க போனதும் சொத்தை வேகமாப் பரவிருமாம். வெளிய பாத்தா கரையான் தின்ன கதவு நெலவு மாதிரி பெயிண்டு மட்டும் நல்லா இருக்கும். டார்ச் அடிச்சு கண்ணாடி வெச்சுப் பாத்தாக்கூட இது பல நேரம் தப்பிச்சுருமுங்க.

பல்லு வேரைச் சுத்தம் பண்ற ரூட் கெனால், பல்லு மேல மூடற கேப்பு எல்லாம் சேந்து 9,000 ரூவா, ரெண்டு வாரக் கூலிக்கு மேல. ஒட்டி இருந்த பக்கத்துப் பல்லுலயும் நெழல் உழுந்திருந்துச்சு, ஆனா எனாமலோட நின்னுருச்சுங்கறதால அதைக் கொடையலை, பல்லு இடுக்கைச் சுத்தம் பண்ணி புளோரைடு பேஸ்ட் போட்டா அப்படியே நிக்க வாய்ப்பிருக்குது, ஒரு வருசங்கழிச்சு மறுபடி எக்ஸ்ரே பாக்கலாம்னாங்க.

பல்லு இடுக்கைச் சுத்தம் பண்ண நூல் போடுங்கன்னதும், நூலுக்கா பஞ்சம்னு ஊட்டுக்கு வந்து கோன்ல இருந்து 40-ஆம் நம்பர் நூலை ஒரு எட்டு இழுத்துப் பல்லுக்கு நடுவுல உட்டேன் பாருங்க, பிரிஞ்சு பஞ்சாகி ரெண்டு இழை சந்துலயே மாட்டிக்கிச்சு, எங்கூட்டு அம்மிணி சிரிச்ச சிரிப்பு இருக்குதே. பருத்தி நூல் இதுக்கு ஆகாதுங்க. புளாஸ்னு மெடிக்கல்ல கேக்கணும், மெழுகு தடவுன நைலான் நூல். அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல பார்ம்லின்னு ஒரு பல் டாக்டர் 1815 வாக்குலயே பட்டு நூல்ல இதைச் செய்யச் சொன்னாராம். எங்க ஊரு மெடிக்கல்ல கேட்டா இன்னமும் தையல் நூலுக்கு எதுத்த கடைக்குப் போங்கறாங்க.

பூ வாங்கற மாதிரி ஒரு முழம் எடுத்துக்கணும். ரெண்டு கை நடு வெரல்லயும் சுத்தி நடுவுல ஒரு இன்ச்சு உட்டு, வெடுக்குன்னு இழுக்காம முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டி எறக்கி, ஒரு பல்லை அரைவட்டமாக் கட்டிப் புடிச்சு ஈறுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மேல கீழ தேய்க்கணும், அப்பறம் அதே சந்துல அக்கட்டப் பல்லு. 50 மீட்டர் டப்பா நாளைக்கு ஒரு முழம்னு போட்டா நூத்திப் பத்து நாளைக்கு வருது. சந்து பெருசா இருக்கறவங்களுக்கு பாட்டில் கழுவற பிரஷோட குட்டி மாதிரி ஒண்ணு விக்குது, அது தோதா நொழையற சைசா இருக்கணும், முட்டித் தள்ளக் கூடாது. ஊக்கு, தீக்குச்சி, ஈக்குமாத்துக் குச்சி எல்லாம் வேண்டவே வேண்டாமுங்க, ஈறு கிழிஞ்சுரும்.

மொத வாரம் ரத்தம் வந்துச்சு. ஈறு வீங்கி இருக்குறதால வருது, உடாம செய்ங்கன்னாங்க, பத்து நாள்ல நின்னுருச்சு. நிக்கலைன்னா காட்டோணும்.

என்ற பையன் போனைப் பாத்துட்டு, 2016-லயே நூல் போடறதுக்குப் பலமான ஆதாரம் இல்லைன்னு அமெரிக்காவுல செய்தி வந்துச்சேப்பான்னு மடக்குனான். டாக்டரம்மாகிட்டயே கேட்டேன், ஒளிக்காம சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல கொழந்தைகளுக்கு அடுத்தவங்க தெனமும் சரியா நூல் போட்டு உட்டப்ப சந்துச் சொத்தை கொறைஞ்சுதாம், அவங்கவங்களா போட்டுக்கிட்டப்ப அப்படித் தெரியலையாம். கை பழகணும், அதுதான் சங்கதி.

எங்கப்பாரு வேப்பங்குச்சியிலயே காலத்தை ஓட்டுனாருன்னு டீக்கடையில சொல்லிட்டுத்தான் இருக்காங்க. அவரு கம்பஞ்சோறு தின்னவருங்க, நைட் சிப்ட்டுல தூக்கம் வராம இருக்க நாலு டீயும் வர்க்கியும் தின்னவரில்லை. நான் இப்ப டீயில சக்கரையை நிறுத்திட்டேன், படுக்கப் போறப்ப நூல் போட்டுட்டுத்தான் பிரஷ்ஷே. தூக்கத்துல எச்சி கம்மியா ஊறும், அதனால ராத்திரிதான் முக்கியமாம். பேரனுக்குப் பால் பல்லு ரெண்டு கடவா ஒட்டி நிக்குது, அவனுக்கு என்ற மருமக போட்டு உடறா.

உங்க பேப்பர் சிறுவர் பக்கத்துல நூல் போடற வெதத்தை நாலு படமாப் போடுங்க. வெரல்ல சுத்தற படம் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், எனக்கே அது புரிய மூணு நாளாச்சுங்க.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரன்,
சோமனூர் பக்கம், கோயமுத்தூர் மாவட்டம்.