திருச்செந்தூர் வழியில் தெர்மலைக் காட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். தசரா லீவுக்குக் காரிலேயே வருகிறீர்கள், திருச்செந்தூர் போய்விட்டு அப்படியே குலசேகரப்பட்டினம் குலசைக்கும் போகப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். அந்த வழியில் வண்டியை ஓரங்கட்டி, சின்னவனுக்கு நம்ம தெர்மலை, அதான் நான் வேலை பார்த்த தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை, காட்ட வேண்டும். போன தடவை அவன் கேட்டபோது "ஃபேக்டரிடா, புகை விடுது" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாய். கேம்ப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண் நீ. உனக்குத் தெரிந்ததில் பாதியாவது அவனுக்குச் சொல்லலாமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம், முள்ளக்காடு போகும்போது இடது பக்கம் கடலோரமாகப் பார். இந்தப் பக்கம் உப்பளம், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அந்தப் பக்கம் புகைபோக்கிகள். நம்ம நிலையத்துக்குப் பக்கத்தில் பின்னால் வந்த நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட், அதாவது கரண்ட் எடுக்கிற இயந்திரத் தொகுதி; அந்த அளவுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும் என்று அப்போது விதி. தஞ்சாவூர்ப் பெரிய கோவில் விமானம் 216 அடி. அதைப்போல நாலு மடங்குக்கு மேல் என்று சொல், அவனுக்குப் புரியும். பாடப்புத்தகத்தில் இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரம் போட்டிருப்பார்கள், அது எங்கே என்று கேட்பான். அது தண்ணீரை ஆறவைக்கிற கோபுரம், மேட்டூரில் உண்டு. இங்கே கடல் பக்கத்திலேயே இருப்பதால் கடல்நீரை எடுத்தே ஆறவைக்கிறோம். சூடேறிய தண்ணீர் திரும்பக் கடலுக்கே போகிறது. பவளப்பாறை இருக்கிற மன்னார் வளைகுடா அது. இதையும் சொல்.

உள்ளே நடப்பதை இப்படிச் சொல்லிப் பார். நிலக்கரி கப்பலில் துறைமுகத்துக்கு வருகிறது, அங்கிருந்து கன்வேயரில் ஆலைக்குள் போகிறது. மில்லில் மாவாக அரைத்து, காற்றோடு சேர்த்துப் பாய்லருக்குள் ஊதுகிறார்கள். எரிகிற சூட்டில் தண்ணீர் 540 டிகிரி நீராவியாகி டர்பைன் மேல் பாய்கிறது. டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும், அதோடு சேர்ந்து சுற்றுகிற ஜெனரேட்டரிலிருந்துதான் கரண்ட் வருகிறது. அந்தச் சுற்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என் வேலை. நைட் ஷிஃப்டில் யூனிட் ட்ரிப் ஆகி, அதாவது திடீரென்று நின்றுபோய், நீராவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வு திறந்தால் கேம்ப் முழுக்க அலறல் கேட்கும். நீ எழுந்து அழுவாய் என்று அம்மா சொல்லுவாள்.

நம்ம பழைய நிலையத்தில் ஐந்து யூனிட், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். ஒரு யூனிட் முழு லோடில் ஒரு நாள் ஓடினால், வீட்டு மீட்டர் கணக்கில் 50 லட்சம் யூனிட் கரண்ட். அதற்கு ஏறக்குறைய 3,500 டன் கரி, ஒரு முழு கூட்ஸ் வண்டி நிறைய. நம்ம நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். அந்தச் சாம்பலை மின்சாரத் தகடுகளால் பிடித்து இறக்குகிறார்கள், அதனால்தான் நல்லபடி ஓடுகிற யூனிட்டில் புகை கண்ணுக்கே தெரியாது. சாலையில் மூடிய டேங்கர் லாரிகள் போகும் பார், அவற்றில் பல சிமெண்ட் ஆலைக்கு அந்தச் சாம்பலைக் கொண்டுபோகிறவை.

கண்ணுக்குத் தெரியாததுதான் பெரிய விஷயம், பாப்பா. மீட்டர் கணக்கில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகிறது. எந்தத் தகடும் அதைப் பிடிப்பதில்லை. எனக்குச் சோறு போட்ட இடம் என்பதற்காக இதை மறைக்கச் சொல்ல மாட்டேன். அவன் காலத்தில்தான் அந்தச் சூடு ஏறப்போகிறது, அவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அதே சமயம், கெட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே. நீங்கள் வருகிற வழியிலேயே காற்றாலைகளைப் பார்ப்பீர்கள். மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், நீங்கள் வரும்போது பாதி சும்மா நிற்கும். சோலார் சாயங்காலம் படுத்துவிடும். ஏழு மணிக்கு ஊர் முழுக்க லைட்டும் ஃபேனும் போடும்போது இன்னும் கரிதான் தாங்குகிறது.

பழையதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. திருச்செந்தூரைத் தாண்டிக் குலசை போகும் வழியில் கல்லாமொழியில் உடன்குடி மின் நிலையம் எழுந்து நிற்கிறது. 660 மெகாவாட்டில் இரண்டு யூனிட், சூப்பர் கிரிட்டிக்கல் வகை. அழுத்தத்தை அவ்வளவு ஏற்றினால் தண்ணீர் கொதிக்காமலேயே நீராவியாகிவிடும். அதே கரண்டுக்குக் கரி குறைவாகப் போதும். கப்பலில் வரும் கரியை இறக்கக் கடலுக்குள் பல கிலோமீட்டருக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள். என் பார்வைக்கு, சாலையிலிருந்து பார்க்க அந்தப் பாலம்தான் அழகு. 1979-இல் ஓட ஆரம்பித்த நம்ம முதல் யூனிட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று அவன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

உள்ளே விட மாட்டார்கள், கேட் பக்கம் போய்ப் போட்டோ எடுக்க வேண்டாம். உப்பளத்துப் பக்கமாகவே நிறுத்துங்கள், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் நல்லது. தசரா நேரம், குலசை ரோட்டில் வேஷம் கட்டினவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். மாப்பிள்ளையிடம் மெதுவாக ஓட்டச் சொல். சின்னவன் கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வரட்டும், ராத்திரி சாப்பிட்டதும் உட்கார்ந்து பேசுகிறோம்.

அன்புடன்,
அப்பா