‘மெமரி’ என்று கேட்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவிலுள்ள எங்கள் கணினிக் கடைக்கு வருவோர் பலர், “மெமரி நிறைந்துவிட்டது, கூட்டிக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரால் ரேம், சேமிப்பகம் என இருவேறு பாகங்கள் குறிக்கப்படுவதால், எது நிறைந்தது என்று பார்க்காமல் வெள்ளியைச் செலவழிப்பது வீண் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

ரேம் என்பது சமையல் மேடை என்றால், எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம் மளிகை அலமாரி. திறந்திருக்கும் செயலிகள் ரேமில் இயங்குகின்றன. கணினியை அணைத்தால் அதிலுள்ளவை போய்விடும். படங்களும் கோப்புகளும் நிலையாக இருப்பது எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோதான். பேரப்பிள்ளைகளின் காணொளிகளால் 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி, சி டிரைவின் பட்டை சிவந்திருக்கும்போது, ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தினாலும் ஒரு படத்துக்குக்கூடக் கூடுதல் இடம் கிடைக்காது. மாறாக, அங்கே பாதி இடம் காலியாக இருந்தும் கணினி திணறினால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதில் மெமரி என்று காட்டப்படுவது ரேம் மட்டுமே. அது எந்நேரமும் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால், ரேம் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம், தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்டவே இயலாது; வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

1 டிபி (ஆயிரம் ஜிபி) வட்டு வாங்கியவர்கள், விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு எங்கள்மீது ஐயப்படுவதுண்டு. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளாகக் கணக்கிட, விண்டோஸ் 1,024இன் மடங்குகளாகக் கணக்கிட்டு, அதற்கும் ஜிபி என்ற அதே பெயரை இடுகிறது. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024இன் மடங்குகளுக்கு 1998இலேயே தனிப் பெயர்களை வகுத்தும், விண்டோஸ் பழைய வழக்கத்தை விடவில்லை. வட்டில் குறை ஏதுமில்லை.

இணையத் திட்டங்களில் ‘1 ஜிபி வேகம்’ என்பது பைட் அன்று, பிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட் ஆகையால், கணக்குப்படி வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு (எம்பி) மேல் பதிவிறக்கம் ஆகாது. வைஃபையில் அதுவும் குறையும்.

பழுதுபார்க்கத் தரும்போது நாங்கள் கேட்கும் ‘பாஸ்வர்ட்’, கணினியைத் திறப்பதற்கானது மட்டுமே. சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்), வங்கிக் கடவுச்சொற்களை, நாங்கள் உட்பட, எந்தக் கடையில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்