குடோனை விட்டுக் கிளம்பிய சரக்கு கடைக்கு வந்து சேரும்வரை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளில் குடோனையும் கடைகளையும் ஒரே கணக்கில் இணைத்ததிலிருந்து உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "குடோனில் ஒரு தடவை என்ட்ரி போட்டாச்சு. கடையில் எதுக்கு மறுபடியும்? அங்கே குறைந்தால் இங்கே ஏறிவிட வேண்டியதுதானே?" போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்ன பதிலை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி அமைப்பு. குடோன் பொள்ளாச்சியில். ஒரு கடை அங்கேயே. கோபாலபுரம் தாண்டினால் கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் ஒன்று, சித்தூரில் ஒன்று. இரு பக்கமும் பேசுவது தமிழ்தான், வாங்க வருபவர்களும் பாதி சொந்தபந்தம். ஆனால் நடுவில் ஒரு மாநில எல்லை கிடக்கிறது. இந்த மடலின் பின்பாதி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த இரண்டு என்ட்ரி. குடோனில் இருப்பவர் 48 சேலையை ஸ்கேன் செய்து 'அனுப்பு' கொடுத்ததும் குடோன் இருப்பில் 48 குறையும். கடை இருப்பில் ஏறாது. அந்த 48-ம் 'வழியில்' என்ற மூன்றாவது இடத்துக்குப் போகும். கடையில் இறக்கி எண்ணிப் பார்த்து 'பெற்றேன்' கொடுத்த பிறகுதான் கடைக்கு ஏறும்.

இப்படி வைக்காவிட்டால் என்ன நடக்கும்? குட்டியானை இன்னும் பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டிலேயே நிற்கும், கொழிஞ்சாம்பாறைக் கம்ப்யூட்டரில் சேலை வந்துவிட்டதாகக் காட்டும். கவுன்டரில் இருக்கும் பையன் திரையைப் பார்த்து "இருக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் துழாவுவான். இது சின்னத் தொல்லை, பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை, சரக்கு குறைந்து வரும்போது. 48 கிளம்பி 46 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே என்ட்ரி முறையில் அந்த இரண்டு சேலையும் கடைக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். மார்ச் 31 இருப்பெடுப்பில்தான் வெளியே வரும். அதற்குள் குடோன்காரர் "நான் சரியா எண்ணித்தான் போட்டேன்" என்பார், கடைக்காரர் "வந்ததே அவ்வளவுதான்" என்பார், டிரைவர் வேலையை விட்டே போயிருப்பார். கடைசியில் மாட்டுவது கடையில் இருக்கும் ஏதோ ஒரு பையன்.

இரண்டு என்ட்ரி முறையில் கடை 46 என்று போட்டதுமே மீதி 2 'வழியில்' என்ற இடத்திலேயே தங்கிவிடும். எந்தத் தேதி, எந்தச் சலான், எந்த வண்டி, யார் ஸ்கேன் செய்தது என்று அன்றைக்கே தெரியும். அன்றைக்கே கேட்டால் பெரும்பாலும் குடோனில் வேறொரு பண்டலுக்கு அடியில் கிடக்கும். அதனால் தினமும் கடை சாத்தும் முன் 'வழியில்' பட்டியலை ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் உங்கள் சரக்கு எல்லாம் ஏதோ ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். மற்ற அறிக்கை எல்லாவற்றையும்விட இதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்.

"நேரமில்லை, தானாகவே ஏற்றுக்கொள்ளும்படி மாற்றித் தாருங்கள்" என்று சிலர் கேட்கிறீர்கள். அமைப்பில் அந்த வசதி இருக்கிறது. மாடியில் குடோன், கீழே கடை என்று ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுத் தருகிறோம். வண்டியில் ஏறும் சரக்குக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அப்படியும் வேண்டுமென்றால் கடை உங்களுடையது, மாற்றித் தருகிறோம்.

அப்புறம் எல்லை.

வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. அப்போது மத்திய விற்பனை வரிச் சட்டம். கிளைக்குச் சரக்கு அனுப்பினால் அது விற்பனை இல்லை என்று நிரூபிக்க 'எஃப் ஃபாரம்' வாங்கி வைக்க வேண்டும். வைத்திருந்தால் வரி இல்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு கதையே வேறு. ஒரே முதலாளி, ஒரே பான் எண் என்றாலும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவும் கேரள ஜிஎஸ்டி பதிவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி ஆட்கள். ஒருவர் இன்னொருவருக்குப் பணம் வாங்காமல் சரக்கு கொடுத்தாலும் அது சப்ளைதான். ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி, போட்ட பில்லோடுதான் போக வேண்டும்.

ஒரே மாநிலத்துக்குள், ஒரே ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் குடோனிலிருந்து கடைக்குப் போகிற சரக்குக்கு இது பொருந்தாது. அதற்கு வரியில்லாத டெலிவரி சலான் போதும், மூன்று பிரதி. ஆக, பொள்ளாச்சிக் குடோனிலிருந்து பொள்ளாச்சிக் கடைக்குச் சலான், கொழிஞ்சாம்பாறைக் கடைக்கு வரி பில். ஒரே வண்டியில் இரண்டும் ஏறலாம். எதற்கு எது என்று குடோன் பையன் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். அனுப்பும் இடம், பெறும் இடம் இரண்டின் எண்ணையும் ஒப்பிட்டு மென்பொருளே சலானா பில்லா என்று முடிவு செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு கடையின் பதிவு எண்ணையும் தொடக்கத்தில் சரியாக ஏற்றுவது மட்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கிளை பில்லுக்கும் இ-இன்வாய்ஸ் (அரசுப் போர்ட்டலில் பதிந்து எண் வாங்கிய பில்) எடுக்க வேண்டும். விற்றுமுதல் என்பது இரு மாநிலக் கடைகளும் சேர்த்து, பான் எண்ணுக்கு மொத்தமாக. காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகளுக்கான திட்டம்) இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவே முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கடை போட யோசிப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

இ-வே பில், அதாவது சரக்கு வண்டியில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய ஆன்லைன் அனுமதிச் சீட்டு: மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால் கட்டாயம். சொந்த வண்டி, பக்கத்து ஊர் என்பதெல்லாம் காரணம் ஆகாது. தமிழ்நாட்டுக்குள் இந்த வரம்பு 1 லட்சம், கேரளத்துக்குள் 50,000. வண்டி எண்ணைப் போட்டால்தான் பில் முழுமையாகும். வழியில் வண்டி மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும். சரக்கு கிளம்பாமலே நின்றுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை: தூரத்தைப் போர்ட்டல் பின்கோடை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நம் சித்தூருக்கு 678-இல் தொடங்கும் பின்கோடு, ஆந்திரச் சித்தூருக்கு 517. கடை முகவரியை அவசரத்தில் ஏற்றும்போது மாறிப் போனால், ஒரு மணி நேரப் பாதைக்குப் பல நூறு கிலோமீட்டர் காட்டும். சித்தூரில் கடை வைத்திருப்பவர்கள் ஒரு தடவை சரிபாருங்கள்.

எந்த விலையில் அனுப்புவது என்பதுதான் ஆளாளுக்கு ஒன்று சொல்லும் விஷயம். பெறும் கடை முழு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வது) எடுக்கத் தகுதி உள்ளது என்றால், பில்லில் போட்ட விலையையே மதிப்பாக ஏற்றுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அதனால் சிலர் மிகக் குறைந்த விலை போட்டு அனுப்புகிறார்கள். வரிக் கணக்கில் அது எப்படி நிற்கும் என்பதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், நாங்கள் சொல்வது கடைக் கணக்கைப் பற்றி. 600 ரூபாய்க்கு வாங்கிய சேலையை 100 ரூபாய்க்குக் கேரளக் கடைக்கு அனுப்பினால், அங்கே 900-க்கு விற்கும்போது 800 லாபம் என்று காட்டும். பொள்ளாச்சியில் 500 நஷ்டம். எந்தக் கடை ஓடுகிறது, எந்தக் கடை படுக்கிறது என்று பார்க்கவே முடியாது. வாங்கிய விலையிலேயே அனுப்புங்கள். மென்பொருளும் இயல்பாக அதைத்தான் எடுக்கும்.

குறைந்து வந்த அந்த 2 சேலைக்கும் இப்போது ஒரு வரிச் சங்கதி சேர்ந்துவிடுகிறது. கையில் வந்து சேராத சரக்குக்குக் கேரளக் கடை வரி வரவு எடுக்கக் கூடாது. சேலை குடோனிலேயே கிடந்தது என்றால் குடோன் அந்தப் பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டு இருப்பில் திரும்ப ஏற்ற வேண்டும். உண்மையிலேயே தொலைந்தது என்றால் வாங்கும்போது எடுத்த வரவைத் திருப்ப வேண்டிவரும். 'வழியில்' பட்டியலில் ஒவ்வொரு குறைவுக்கும் எதிரே இந்த இரண்டில் எது என்று மென்பொருள் கேட்கும். பதில் தெரியாமல் எதையாவது தட்டிவிடாதீர்கள், காலியாக விட்டால் பரவாயில்லை.

மாதக் கடைசியில் எல்லை தாண்டி லோடு அனுப்புவதைத் தவிருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, பொள்ளாச்சிப் பதிவு 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1-இல் அந்தப் பில்லைக் காட்டிவிடும். 14-ஆம் தேதி கேரளப் பதிவின் 2பி-யில், அதாவது எடுக்கக்கூடிய வரி வரவுப் பட்டியலில், அது வந்து நிற்கும். 31-ஆம் தேதி இரவு ஏற்றிய சரக்கு 1-ஆம் தேதி இறங்கினால் பில் ஒரு மாதம், சரக்கு அடுத்த மாதம். வரவை நிறுத்தி வைத்துப் பிறகு எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் அந்த வேலையே இல்லை. கேரளப் பக்கம் சுமட்டுத் தொழிலாளர் வந்துதான் இறக்க வேண்டிய கடைகளில் சாயங்காலம் போய்ச் சேரும் வண்டி காலை வரை நிற்பதும் உண்டு.

கடைக்குக் கடை கைமாற்று இன்னொரு தலைவலி. கொழிஞ்சாம்பாறையில் 40 சைஸ் சட்டை இல்லை, பொள்ளாச்சிக் கடையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கேட்டு, பைக்கில் வரும் பையனிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். என்ட்ரி கிடையாது. பொள்ளாச்சி இருப்பில் ஒன்று அதிகம், கொழிஞ்சாம்பாறையில் பில் போட்டதும் மைனஸ். ஒரே ஒரு சட்டை என்றாலும் எல்லை தாண்டினால் அதுவும் சப்ளைதான். இ-வே பில் வேண்டாம், பில் வேண்டும். மொபைல் செயலியில் 'கடைக்குக் கடை' என்று தனியாக வைத்திருக்கிறோம். பார்கோடை ஸ்கேன் செய்து, கடையைத் தொட்டால் பில் தயாராகிவிடும்.

குறைந்தபட்ச இருப்பு அளவை எல்லாக் கடைக்கும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பிரியுங்கள். ஆடியில் பொள்ளாச்சிக் கடையில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும். அதே மாதம் அந்தப் பக்கம் கர்க்கடகம் என்ற மலையாள மாதம், கடை தூங்கும். அடுத்த மாதம் ஓணம், கசவுச் சேலையும் வேட்டியும் அங்கே பறக்கும், இங்கே கேட்க ஆளிருக்காது. பிறகு தீபாவளிக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்கும். கடை வாரியாக, மாதம் வாரியாக அளவு வைத்தால் குடோனுக்குக் காலையில் வரும் அனுப்ப வேண்டிய பட்டியல் நம்பும்படி இருக்கும். எந்த மாதம் எவ்வளவு என்பதை மென்பொருள் சொல்லாது. அது உங்கள் அனுபவத்துக்குத்தான் தெரியும்.

மளிகை, சோப்பு விற்பவர்கள் பெட்டி அளவையும் கவனியுங்கள். குடோன் பெட்டியில் அனுப்புகிறது, கடை எண்ணிக்கையில் விற்கிறது. பெட்டிக்கு 48 என்று இருந்ததைக் கம்பெனி சத்தமில்லாமல் 40 ஆக்கினால் ஒவ்வொரு பெட்டிக்கும் 8 குறைவு காட்டும். யாரும் திருடவில்லை. புதுப் பெட்டிக்குப் புது அளவைப் பதிந்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்டர்நெட் போனால் பில்லும் 'பெற்றேன்' என்ட்ரியும் கடைக் கம்ப்யூட்டரிலேயே சேர்ந்திருக்கும், லைன் வந்ததும் மேலே போய்விடும். இ-வே பில்லுக்கும் இ-இன்வாய்ஸுக்கும் மட்டும் லைன் இருந்தே ஆக வேண்டும்.

எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்று பழைய சலான் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வருடத்துக்கான ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்க வேண்டும். குடோனில் கரையான் ஏறாத அலமாரி ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். ஓணம் லோடு தொடங்கும் முன் உங்கள் குடோன், கடை ஆட்கள் இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பழக்கித் தர எங்கள் ஆள் நேரில் வருவார். எந்த நாள் வசதி என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் சேவைப் பிரிவு,
கொழிஞ்சாம்பாறை