போனில் தூக்க ஊசி சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், இரவுப் பணி மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ‘மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றவில்லை’ என்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். பன்னிரண்டாம் கட்டில் விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மெமோவில் விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள். ஐயாவுக்கு 78 வயது. ராத்திரி ஒன்றே முக்காலுக்கு “மாட்டை அவுத்துவிட்டது யாரு?” என்று சத்தம் போட்டுக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். வார்டே விழித்துக்கொண்டது. டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். “மிடாஸ் ரெண்டு போட்டுடுங்க சிஸ்டர், காலையில சைன் பண்றேன்” என்றார். மிடாஸ் என்றால் மிடாசோலம், தூக்க ஊசி. பத்து மணிக்குத்தான் வலிக்கு டிரமடால் போயிருக்கிறது என்றேன். அதற்குள் லைன் கட்.

நான் போடவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. யூரின் டியூப் கட்டில் கம்பிக்கு அடியில் மாட்டி மடங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டதும் பையில் 700 மில்லி இறங்கியது. கால் மணி நேரத்தில் ஐயா தானாகத் தூங்கிப்போனார். மாடும் தொழுவத்துக்குத் திரும்பியிருக்கும்.

ஊசி போட்டிருந்தால் சத்தம் மட்டும் நின்றிருக்கும், மூத்திரப்பை நிரம்பியபடியே இருந்திருக்கும். டிரமடாலோடு மிடாசோலம் சேர்ந்தால் மூச்சு மட்டுப்படும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே அதை மருந்து லேபிளில் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது.

சரி, போட்டுவிட்டேன் என்றே வையுங்கள். அப்புறம் பக்கத்தில் இருந்து பார்ப்பது யார்? 24 கட்டிலுக்கு நானும் ஒரு டிரெய்னியும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் சாச்சுரேஷன் மிஷின் மாடிக்கே ஒன்றுதான். அது எங்களிடம் இல்லாதபோது செல்போன் டார்ச் அடித்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுகிறோம். ஒரு நிமிடம் முடியுமுன் ஆறாம் கட்டிலில் டிரிப் முடிந்து கூப்பிடுவார்கள். எட்டா ஒன்பதா என்று எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி ஒன்றிலிருந்து. முறிமருந்தான ஃப்ளூமசெனில் இரண்டு மாடி கீழே ஐசியூவில் இருக்கிறது. அதைப் போட்டாலும் மிடாசோலத்துக்கு முன்பே அதன் வேகம் அடங்கி, நோயாளி மறுபடி மயக்கத்துக்குப் போகலாம். ஆக அவரை விட்டு நகர முடியாது. மில்லிக்கு 1 மி.கி. மிடாசோலமும் 5 மி.கி. மிடாசோலமும் நம் டிரேயில் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கின்றன. இதில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போய்விடுகிறது என்று பிரிட்டனில் 2008-லேயே எச்சரித்தாயிற்று.

கேட்பது ஒன்றுதான்: போனில் தூக்க ஊசி சொல்லாதீர்கள். வந்து பாருங்கள், எழுதுங்கள்.

ஒன்பது மணிக்கு வயதானவர்களுக்கெல்லாம் வரிசையாக அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை போவதும், காலை ரவுண்ட்ஸில் “வார்டு அமைதியா இருக்கே, வெரி குட்” என்று பாராட்டு வாங்குவதும் தனிக் கதை. அந்த மாத்திரைக்குப் பிறகு பாத்ரூம் போக எழுந்து தள்ளாடுகிறவரைப் பிடிக்கப் போவது எந்தக் கை என்று யாரும் கேட்டதில்லை. வரவேற்பறை மீன்தொட்டியைத் துடைக்கத் தனி ஆள் இருக்கிறார். மே 12, நர்ஸ் தினம் வந்தால் எங்களுக்குக் கேக்கும் உண்டு. கேக் வேண்டாம், அந்தக் காசில் இன்னொரு மிஷின் வாங்கலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து தூக்க மருந்துக்கு முன் மருத்துவர் ஒருவர் கட்டிலுக்கு வந்து பார்க்கட்டும். எதற்கு, எவ்வளவு, போட்டபின் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சைப் பார்ப்பது என்று கேஸ் ஷீட்டில் எழுதட்டும். பார்க்க ஆளில்லை என்றால் அதையும் எழுதட்டும்.

மெமோவுக்கு என் விளக்கமாக இதையே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். இன்றும் எனக்கு நைட் டியூட்டிதான்.

இப்படிக்கு,
மெமோ வாங்கிய ஸ்டாஃப் நர்ஸ்