ரன் கணக்கைப் பார்த்து மட்டும் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட்டின் போக்கையே மாற்றியவர்கள் ஐந்து பேரைச் சொல்லுங்கள், சிறப்பிதழில் அவர்களை நினைவுகூர்வோம் என்று வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். போன இதழில் வந்த கடிதங்களில் பிராட்மேன், சச்சின், லாரா, வார்ன், தோனி என்று இதே பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. எல்லோரும் பெரிய ஆட்டக்காரர்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது சிறந்த ஆட்டக்காரர் யார் என்றல்லவே! பிராட்மேனின் 99.94 சராசரியைப் பள்ளிப் பையன்கூடச் சொல்வான். அவரை மறந்துவிடுவோம் என்ற பயம் யாருக்கும் வேண்டாம்.

2000ல் இங்கிலாந்தின் கிரிக்கெட் ஆண்டு வெளியீடான விஸ்டன் இதே வேலையைச் செய்தது. நூறு பேரிடம் ஆளுக்கு ஐந்து பெயர் கேட்டு நூற்றாண்டின் ஐந்து வீரர்களை அறிவித்தார்கள். பிராட்மேனுக்கு நூற்றுக்கு நூறு, சோபர்ஸுக்கு 90, அப்புறம் ஹாப்ஸ் 30, வார்ன் 27, விவ் ரிச்சர்ட்ஸ் 25. ஃபிராங்க் வோரல் 19 ஓட்டு வாங்கி, டென்னிஸ் லில்லியோடு சேர்ந்து ஆறாவது இடம். அந்த ஆறாவது இடம் எனக்கு இன்று வரை உறுத்துகிறது. என் பட்டியலில் முதல் பெயர் வோரல்தான்.

வோரல் வருவதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் பதவி வெள்ளையர்களுக்கே என்று வைத்திருந்தார்கள். 1948ல் ஜார்ஜ் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் போன்றவர்கள் பத்திரிகையில் விடாமல் எழுதிச் சண்டை போட்ட பிறகுதான் 1960ல் ஆஸ்திரேலியத் தொடருக்கு வோரலைக் கேப்டனாக்கினார்கள். அதுவரை கேப்டனாக இருந்த ஜெர்ரி அலெக்சாண்டர், எந்த முறுக்கும் இல்லாமல் வோரலுக்குக் கீழே விக்கெட் கீப்பராக ஆடி அந்தத் தொடரில் சதமும் அடித்தார், இதையும் யாராவது எழுத வேண்டும். பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட் டையில், அதாவது இரண்டு அணியும் சம ரன்னில் முடிந்தது, டெஸ்ட் வரலாற்றில் அதுதான் முதல் டை. தொடரை வோரல் 2-1 என்று தோற்றார். தோற்ற அணியைத் திறந்த கார்களில் ஏற்றி மெல்போர்ன் மக்கள் தெருவெல்லாம் திரண்டு வழியனுப்பினார்கள், அதுவும் வெள்ளையரல்லாதவர்கள் குடியேறவே வழிவிடாத சட்டதிட்டங்கள் இருந்த அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில். தீவுக்குத் தீவு பொறாமையும் பூசலுமாக இருந்தவர்களை ஒரே அணியாக ஆக்கியது இவர்தான், பின்னால் லாயிடும் ரிச்சர்ட்ஸும் உலகத்தையே ஆண்டது அந்த அடித்தளத்தின் மேல் நின்றுதான்.

நமக்கும் அவரிடம் ஒரு கடன் உண்டு. 1962ல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையை உடைத்தபோது, ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களில் எதிரணிக் கேப்டன் வோரலும் ஒருவர். அதை நினைத்து வங்காள கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3ஆம் தேதி ரத்ததான முகாம் நடத்துகிறது. பார்படாஸ் 5 டாலர் நோட்டிலும் அவர் முகம்தான். சிலை வைப்பதைவிட இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது பேசில் டி'ஒலிவேரா. கேப்டவுனில் பிறந்தும் நிறவெறிச் சட்டத்தால் சொந்த நாட்டுக்கு ஆட முடியாமல் இங்கிலாந்துக்குப் போனவர். 1968ல் ஓவலில் 158 அடித்தும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கான அணியில் அவரைச் சேர்க்கவில்லை. இன்னொருவர் காயத்தால் விலகியதும் சேர்த்தார்கள், உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இந்த அணியை ஏற்க மாட்டோம் என்றார், பயணமே ரத்து. நிறவெறிக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா 1970க்குப் பிறகு சர்வதேச ஆட்டத்துக்குத் திரும்பியது 1991ல், கொல்கத்தா ஈடன் கார்டனில். ஒரு மனிதர் அணியில் இருப்பதையே ஒரு அரசாங்கத்தால் பொறுக்க முடியவில்லை, இதைவிடப் பெரிய தாக்கம் என்ன இருக்க முடியும்?

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ரஞ்சித்சிங்ஜி ஆடிய 15 டெஸ்ட்டும் இங்கிலாந்துக்காக. அவர் பெயரில் நம் தேசியக் கோப்பை. என் மூன்றாவது பெயரான பல்வங்கர் பாலூவை எத்தனை பேருக்குத் தெரியும்? தலித், புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரித்துக்கொண்டு வலையில் அவர்களுக்குப் பந்து போட்டவர். மதவாரியாக அணி பிரித்து ஆடிய அந்தக் காலத்தில், அவர் சுழல் வேண்டும் என்று இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள், தேநீர் மட்டும் வெளியே தனியாக மண்குவளையில். 1911ல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணிக்கு நூறுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்துக் கொடுத்தார். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை, அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923ல் கிடைத்தது. இளம் வயதில் அம்பேத்கர் பெருமையோடு பார்த்த மனிதர் இவர், பின்னாளில் 1937 தேர்தலில் அதே அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் உண்மை. அதனால் அவர் மைதானத்தில் உடைத்த சுவர் சின்னதாகிவிடாது.

ஆண்களுக்கு உலகக் கோப்பை நடந்தது 1975ல், பெண்களுக்கு அதற்கு இரண்டு வருடம் முன்பே நடந்துவிட்டது. அதற்குக் காரணமான இங்கிலாந்து பெண்கள் அணிக் கேப்டன் ரேச்சல் ஹேஹோ பிளின்ட் என் நாலாவது பெயர். ஐந்தாவது, கிரிக்கெட் வாரியங்களை எதிர்த்துத் தனியாகப் போட்டித் தொடர் நடத்திய ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர். எனக்கு மனிதராக அவ்வளவாகப் பிடிக்காதவர், ஆனால் வண்ண உடை, இரவு ஆட்டம், வெள்ளைப் பந்து, வீரனுக்கு ஒழுங்கான சம்பளம் எல்லாம் 1977ல் அவர் போட்ட சண்டையில் வேகம் பிடித்தவை, அவரை விட்டுவிட்டு ஐபிஎல்லைப் பற்றிப் பேச முடியாது. முரளிதரனை விட்டது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆறாவது இடம் உண்டென்றால் அவருக்கு, 800 விக்கெட்டுக்காக அல்ல, பந்துவீசுகிறவர் கை எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அளக்க வைத்ததற்காக.

ஒரு வேண்டுகோள். சிறப்பிதழில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ரன், விக்கெட் அட்டவணை போடும் வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் அவர் வருவதற்கு முன் ஆட்டம் எப்படி இருந்தது, வந்த பின் எப்படி ஆனது என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். 1911 அணியின் புகைப்படம் கிடைத்தால் அதையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை