பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு: கேட்காமல் டைமரை ஓடவிடாதீர்கள்

லினக்ஸ் பேக்கேஜ்களைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் ஊதியமே வாங்காமல் செய்யும் வேலையின் மேல்தான் எங்கள் சர்வர்கள் நிற்கின்றன. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றே: பேக்கேஜோடு வந்து, குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலையையும், சிஸ்டம்டி (சர்வரின் சேவைகளை இயக்கி மேற்பார்க்கும் நிரல்) டைமரையும், நிறுவுபவர் சரி என்று சொல்லும்வரை முடக்கியே வையுங்கள்.

டெபியன் அல்லது உபுண்டு சர்வரில், கட்டளை வரியில் ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்காக பிஹெச்பி சிஎல்ஐயை மட்டும் நிறுவுகிறோம். கூடவே, அதற்குத் துணையான பிஹெச்பி-காமன் பேக்கேஜும் வருகிறது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு, வலைத்தளத்துக்கு வந்துபோனவர்களின் பழைய செஷன் கோப்புகளை அழிக்கும் வேலையும் வருகிறது. ஒவ்வொரு மணியிலும் 9ஆம் நிமிடம், 39ஆம் நிமிடம். நாளொன்றுக்கு 48 முறை. வலைத்தளமே இல்லாத இயந்திரத்தில் எந்த செஷனை அழிக்க?

நிறுத்தப் போனால் அடுத்த சிக்கல். க்ரான்.டி அடைவில் 'பிஹெச்பி' என்றொரு கோப்பு இருக்கிறது. அதை அழித்தாலும் வேலை ஓடும். சிஸ்டம்டி இருந்தால் எதுவும் செய்யாதே என்று அந்தக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. உண்மையில் ஓடுவது தனியே இருக்கும் டைமர். மேன்-டிபி (கையேட்டுப் பக்கங்களுக்கானது), லாக்ரொட்டேட் (பதிவுக் கோப்புகளைச் சுழற்றுவது), ஏப்ட் (பேக்கேஜ்களை நிறுவுவது) எல்லாவற்றிலும் இதே இரட்டை ஏற்பாடுதான். டைமருக்கு 'ஸ்டாப்' கொடுத்தால் ரீபூட்டில் திரும்ப வரும். 'டிஸேபிள்' கொடுத்தாலும் சிஸ்டம்டி நடத்தும் வேறொரு வேலை (யூனிட்) அதை எழுப்ப முடியும். எதுவும் எழுப்ப முடியாதபடி 'மாஸ்க்' செய்தால்தான் உறுதி. பேக்கேஜையே 'ரிமூவ்' செய்தாலும் க்ரான் கோப்பு, அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவில் அப்படியே கிடக்கும். அந்தக் கோப்பும் நீங்க வேண்டுமானால் 'பர்ஜ்' செய்ய வேண்டும். கேட்காமல் வந்த ஒன்றை வெளியேற்ற இத்தனை படிக்க வேண்டியிருக்கிறது.

பேக்கேஜ் பட்டியலைத் தானாகப் புதுப்பிக்கும் ஏப்ட்-டெய்லி டைமரின் விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. 6 மணி, 18 மணி என்று குறித்து, அதன்மேல் 12 மணி நேரம் வரை தற்செயல் தாமதம். போதாததற்கு, தவறிய முறையைப் பூட் ஆனதும் ஈடுகட்டும் 'பெர்சிஸ்டென்ட்' அமைப்பு. விஎம் (மெய்நிகர் இயந்திரம்) உருவாக்கப் பயன்படும் இமேஜில் பழைய நேர முத்திரை இருந்தால், புது விஎம் எழுந்ததுமே வேலை தொடங்கிவிடும். அதே நேரத்தில் நமது நிறுவல் ஸ்கிரிப்ட் ஏப்ட்-கெட்டை அழைத்தால், ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் நடக்காமல் தடுக்கும் லாக் கிடைக்காமல் 100 என்ற பிழை எண்ணோடு விழும். டைமரை நிறுத்துவதால் பயனில்லை, தொடங்கிவிட்ட சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வலுக்கட்டாயமாகக் கொன்றால் பேக்கேஜைப் பிரித்து நிறுவும் டிபிகேஜி அரைகுறையாக நிற்கலாம். லாக் டைம்அவுட்டை 300 விநாடி என்று வைத்துக் காத்திருப்பதே இப்போதைக்கு வழி.

விண்டோஸில் ஒவ்வொரு நிரலும் டாஸ்க் ஷெட்யூலரில் தனக்கொரு அப்டேட்டரை நட்டுவிட்டுப் போவதைக் கேலி பேசியவர்கள் நாம். இன்று நம் சர்வரில் டைமர்களைப் பட்டியலிடும் லிஸ்ட்-டைமர்ஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேலி தொண்டையில் சிக்குகிறது. கையேட்டுப் பக்கம் ஒன்றைக்கூட யாரும் திறக்காத இயந்திரத்தில் மேன்-டிபி தினமும் தன் அட்டவணையைப் புதுப்பித்துக்கொள்கிறது. யாருக்காகவோ, பாவம்!

எல்லா டைமரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லாக்ரொட்டேட்டை நிறுவுபவர் அந்த வேலைக்காகவே நிறுவுகிறார், வலைத்தளச் சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட்டும் அப்படியே. துணையாக வந்து ஒட்டிக்கொள்பவைதான் பிரச்சினை. கேட்டுச் செய்ய முடியாது என்றும் சொல்ல வேண்டாம். எந்தப் பேக்கேஜ் எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்கெடுக்கும் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட், நிறுவும்போதே பங்கேற்க விருப்பமா என்று கேட்கிறது, 'இல்லை' என்பதையே முன்னிருப்பாக வைத்திருக்கிறது. இப்படிக் கேள்வி கேட்க உதவும் அதே டெப்கான்ஃப் கருவி உங்கள் கையிலும் இருக்கிறதே.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம்: யூனிட் கோப்பைத் தாருங்கள், ஆனால் முடக்கிய நிலையில் தாருங்கள். அது முடியாத இடத்தில், எந்த வேலை எந்த நேரத்தில் ஓடும், அதை எப்படி நிறுத்துவது என்று நிறுவலின் முடிவில் ஒரு வரி அச்சிடுங்கள். க்ரான், டைமர் இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

இப்படிக்கு,
சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு சிஸ்டம் அட்மின்