தேவிபட்டினம் கரையில் கைகொடுத்த அண்ணனுக்கு நன்றி

பெயர் கேட்க மறந்துவிட்டோம், அண்ணே. தொண்டியிலிருந்து மண்டபம் வரை, கரையோர ஊர்களில் இருக்கும் பழைய கூட்டாளிகளைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் போன ஃபைபர் படகு எங்களுடையது. இஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் பீச்சும் தண்ணீர் நூலாக மெலிந்ததை எங்களுக்கு முன்பே கண்டு, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

பாக் விரிகுடாவின் இந்தக் கரையில் ஆழம் குறைவு, கடற்புல் அதிகம். அறுந்து மிதக்கும் புல், படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறாமல் ஓட்டினால், அதை ஏற்றும் பம்பின் ரப்பர் இறக்கைகள் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே கருக ஆரம்பித்துவிடும்.

முதலில் இஞ்சினை அணைக்கச் சொன்னீர்கள். கழியை ஊன்றிப் படகை நிறுத்தி, மோட்டாரைத் தூக்கி, பச்சை நாடாவாக ஒட்டியிருந்த புல்லை விரலால் உரித்தீர்கள். ஓட்டிப் பார்த்தால் அப்போதும் சொட்டுதான். மறுபடி அணைத்து, தூண்டில் நரம்பில் ஒரு சாண் வெட்டி, தண்ணீர் பீச்சும் ஓட்டையில் விட்டுக் குத்தினீர்கள். உப்பும் மணலுமாய் ஒரு கட்டி உதிர்ந்தது. அடுத்த முறை பென்சில் தடிமனுக்குப் பீச்சியது. "இதுக்கும் வரலேன்னா இறக்கை போச்சுன்னு அர்த்தம். ஓட்டாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க" என்றீர்கள்.

காசு வாங்கவில்லை. நீட்டிய கருவாட்டுப் பொட்டலத்தையும் "எங்ககிட்டயேவா?" என்று சிரித்துத் தள்ளிவிட்டீர்கள். நியாயம்தான்.

அந்த நரம்புத் துண்டு இப்போது டூல் பெட்டியில், ஸ்பேர் பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.